கை தட்டாத கரடி மாமா

"கதையா, நெஜமா?"

பாலர் பள்ளியில் கதை வகுப்பு முடிந்ததும், வாசல்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எதிரே நிற்கும் நாலு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொண்டு, இந்த ஒரே கேள்வியைப் பத்தொன்பது குழந்தைகளிடமும் தனித்தனியாகக் கேட்கிறார் கரடி மாமா. "சிங்கம் உன் செருப்பைத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொன்னியே, அது கதையா, நெஜமா?" "கதை." "சரி, போயிட்டு வா." அடுத்த குழந்தை. "பசிக்குதுன்னு முயல்கிட்ட சொன்னியே, அது?" "நெஜம்." "காலையில என்ன சாப்பிட்ட?" "பால் மட்டும்." உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் வெளியே வருகிறது. அந்தக் குழந்தை தின்று முடிக்கும் வரை வரிசை நகராது. பெற்றவர்கள் நாங்கள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் காய்கிறோம்.

எனக்கு மதியம் அரை மணி நேரம்தான் இடைவேளை. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை. ஓடி வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டில் விட்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி நாற்காலியில் போய் உட்கார வேண்டும். இந்த மனிதரின் விசாரணைக்கு எட்டு நிமிடம் போகிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். முதல் மாதம் முழுக்க மனசுக்குள் திட்டினேன். இரண்டாவது மாதம் வாய் விட்டே கேட்டுவிட்டேன்.

"ஏங்க, கொழந்தைங்க என்ன கோர்ட்டுலயா சாட்சி சொல்லுதுங்க? சட்டுபுட்டுன்னு விடுங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் ஆறு பேர்தாம்மா" என்றார்.

கரடி மாமா என்பது குழந்தைகள் வைத்த பெயர். கரடிக்கு உண்டான ஒன்றும் அவரிடம் கிடையாது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, ஐம்பத்தெட்டு வயது, காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் வெள்ளை முடி. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு பழுப்புப் போர்வை, ஒரு மரக் கரண்டி, இரண்டு காலி டப்பா, காது வைத்த கரடிக் குல்லாய். கரண்டி ஒரு நாள் துடுப்பாகும், ஒரு நாள் சாவியாகும், ஒரு நாள் ராஜாவின் மூக்காகும். குல்லாய் அவர் மனைவி தைத்தது. பழைய ஜன்னல் திரையை வெட்டித் தைத்ததில் துணி பற்றாமல் ஒரு காது குட்டையாகிவிட்டது. "அந்தக் காது மட்டும் கேக்காதுன்னு சொல்லிச் சமாளிங்க" என்று கையில் கொடுத்துவிட்டாராம். இவர் அதையே கதையாக்கிவிட்டார். கரடிக்குக் குட்டைக் காது கேட்காது. ஆகவே சத்தமாகப் பேச வேண்டும். பின்சுவருக்குக் கேட்டால்தான் கரடிக்குக் கேட்கும்.

கரடி தூங்குகிறது, எழுப்ப வேண்டும். போன வருடம் வரை கதை என்றால் அவ்வளவுதான். போர்வைக்குள் கரடியாக அவர். குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து, தங்களுக்குத் தோன்றிய விதத்தில் எழுப்பிப் பார்ப்பார்கள். பேசக் கூச்சப்படும் குழந்தையைக் கொண்டு வந்து நடுவில் நிறுத்தி "எங்கே, பாட்டுச் சொல்லு" என்று பிடுங்கியெடுப்பது அவருக்கு ஆகவே ஆகாது. "ஒப்பிக்கச் சொன்னா தொண்டையிலேருந்து வரும்மா. ஒரு ஜீவனை எழுப்பணும்னா வயித்துலேருந்து வரும்" என்பார். எங்கள் மருத்துவமனையில் "வாயைத் திற" என்று சொன்னால் வாய் திறந்துவிடும். இவரிடம் ஒரு வாய் திறக்க மூன்று மாதம் ஆகும். ஆனால் திறந்தால் மூடாது. என் மகளே சாட்சி. வீட்டில் இப்போது எங்களுக்குப் பேச இடமே கிடைப்பதில்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் முப்பது வருடம் ஒரு நாடகக் கம்பெனியில் இருந்தார். நடிகராக இல்லை. பக்கத்திரைக்குப் பின்னால், கையில் வசனப் புத்தகத்தோடு நின்று, நடிகர் மறந்துபோனால் அடியெடுத்துக் கொடுக்கிற வேலை. நடிகருக்கு மட்டும் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. ஒரு நாளும் மேடையில் தலை காட்டியதில்லை. கம்பெனி கலைந்தது. "அங்க பெரியவங்களுக்கு எடுத்துக் கொடுத்தேன், இங்க சின்னவங்களுக்கு" என்று தன் வாழ்க்கை வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுவார்.

எடுத்துக் கொடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறதாம். "வசனம் மறந்தவனும் பேசாம நிப்பான். வேணும்னே நிறுத்தி நடிக்கிறவனும் பேசாம நிப்பான். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. மறந்தவனுக்கு எடுத்துக் கொடுக்கலேன்னா மானம் போயிரும். நடிக்கிறவனுக்கு எடுத்துக் கொடுத்தா அடிக்க வருவான். எது எதுன்னு கண்ணைப் பாத்தாத்தான் தெரியும்." முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று சொன்னதும், அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அப்போது காரணம் தெரியாது.

நான் சத்தம் போட்ட அன்றைக்கு, பள்ளியின் ஆயா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "அவரை அப்படிப் பேசாதீங்கம்மா, நொந்துபோன மனுசன்" என்றார். ஏன், என்ன என்று கேட்டேன். "அவரையே கேளுங்க. யாரு கேட்டாலும் சொல்லுவாரு. அதான் கொடுமையே."

கேட்டேன். சனிக்கிழமை, பிள்ளைகள் போன பிறகு, குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்.

போன வருடம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. நாலு வயது. எதையும் சத்தமாகச் சொல்ல மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பக்கத்துக் குழந்தையின் காதில் முணுமுணுப்பாள், அந்தக் குழந்தை எழுந்து "இவளுக்குத் தண்ணி வேணுமாம்" என்று சொல்லும். டீச்சர்கள் செல்லமாக 'ரகசியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும். காலையில் வேன் வந்து ஹார்ன் அடித்தால் அம்மா கீழே கொண்டு வந்து ஏற்றிவிட்டு டாட்டா காட்டுவாள். அந்தக் குழந்தைக்காகக் கரடி மாமா எட்டு மாதம் போர்வைக்குள் படுத்தார். மற்றவர்கள் எல்லோரும் வந்து எழுப்புவார்கள். அவள் வர மாட்டாள்.

"அன்னைக்கும் நான் போர்வைக்குள்ளதான் இருந்தேன். காலையில மொத வகுப்பு. ஒவ்வொருத்தரா வந்தாங்க. பாட்டுப் பாடினாங்க, கிச்சுகிச்சு மூட்டினாங்க. நான் அசையல. திடீர்னு ஒரு குரல். யாருதுன்னே தெரியல எனக்கு. பின்சுவருக்குக் கேக்குற மாதிரி அவ்வளவு சத்தம். 'தண்ணி தெளிச்சேன். கையைப் புடிச்சு இழுத்தேன். காதுகிட்ட போயிக் கூப்பிட்டேன். எழுந்திரிக்கவே இல்ல. வாய் ஒரு பக்கமா போயிருச்சு.' அப்படீன்னு. டீச்சர் 'அய்யோ, நம்ம ரகசியம்!'னு கத்தினாங்க. எட்டு மாசம்மா. எட்டு மாசமா அந்தக் குரலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

ஒரு நாற்காலியை அடுக்கில் வைத்தார். ஓரமாக வைத்ததில் அடுக்கு ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன்.

"நடிப்புல எதிராளி ஒண்ணு கொடுத்தா, அதை வாங்கிக்கணும். வாங்கி மேல கொண்டு போகணும். அதுதாம்மா தொழில். அவ வாய் கோணலுன்னு கொடுத்தா. நான் வாங்கிக்கிட்டேன். வாயைக் கோணிக்கிட்டு, போர்வையைத் தள்ளிட்டு எழுந்திரிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் கை தட்டினார், குழந்தைகள் தட்டினார்கள், எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவர் அவர்தான். அவள் மட்டும் அசையாமல் நின்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பட்டன்கள் இடம் மாறியிருந்தன. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. தேநீர் நேரத்தில் இவர் தலைமை ஆசிரியையிடம் ஓடிப் போய், "கரடியை எழுப்ப வேஷமெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கும்மா, பட்டனைக்கூட மாத்திப் போட்டிருக்கு, என்ன கற்பனை பாருங்க!" என்று பூரித்துப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

போதும் என்று சொல்ல நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்த குழந்தை, ஹார்ன் சத்தம் கேட்டதும் தானே உடுத்திக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டுவிட்டு, தானே படியிறங்கி வேனில் ஏறிவிட்டாள். வேன்காரருக்கு அவசரம், கேட்கவில்லை. மதியம் கொண்டு போய் இறக்கும்போதும் கீழே யாரும் இல்லாததால்தான் அவர் மாடியேறிப் போய்ப் பார்த்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் பிழைத்தது. ஒரு பக்கம் கையும் காலும் விளங்காமல் போயின, பேச்சும் போயிற்று. காலையிலேயே கொண்டு வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

"முப்பது வருசம் கண்ணைப் பாத்துப் பாத்து எடுத்துக் கொடுத்தவன். அன்னைக்குக் கண்ணைப் பாக்கலம்மா. போர்வைக்குள்ள கெடந்தேன். குரல் மட்டும்தான் கேட்டுச்சு. குரல் வந்துருச்சுங்குற சந்தோஷத்துல, அது என்ன சொல்லுதுன்னு கேக்காம விட்டுட்டேன்."

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. டீச்சரும்தான் கை தட்டினார், வேன்காரரும்தான் கேட்காமல் விட்டார். குழந்தையின் சித்தி, அம்மாவின் தங்கை, இப்போது அந்த வீட்டிலேயே தங்கி இருவரையும் பார்த்துக்கொள்கிறவர், "நீங்க என்ன பண்ணுவீங்க, நாலு பேர் நடுவுல வெளையாட்டாத்தானே தெரியும்" என்று ஆறுதலே சொன்னார். இவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். தலைமை ஆசிரியை அதைக் கிழித்துப்போட்டார். ஒரு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, மூன்று நிபந்தனையோடு திரும்பி வந்தார். கதை நேரம் கடைசி வகுப்பாக இருக்க வேண்டும், முடியும்போது குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் வாசலில் நிற்க வேண்டும். இரண்டாவது, இனிமேல் அவர் கரடியாக மாட்டார், போர்வைக்குள் போக மாட்டார். மூன்றாவது, பெற்றோர்களின் போன் நம்பர் எல்லாம் அவரிடமும் ஒரு தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள், எந்நேரமும் அவர் சட்டைப் பையில்.

அவருடைய வகுப்பு பதினொன்றேகாலுக்கு. ஆனால் எட்டரைக்கே வந்து வாசலில் நின்றுவிடுகிறார். வருகிற குழந்தைகளின் பட்டனைப் பார்க்கிறார், செருப்பைப் பார்க்கிறார். வேனில் வருகிறவர்களிடம் "இன்னைக்கு யாரு டாட்டா காட்டினாங்க?" என்று கேட்கிறார். பெயரைச் சொன்ன பிறகுதான் உள்ளே விடுகிறார்.

இதில் கூத்துகளும் உண்டு. "எங்க குளியலறையில பச்சைப் பாம்பு" என்று ஒருத்தி சொல்ல, "நெஜம்" என்று அடித்துச் சொல்ல, இவர் போன் போட்டு அந்த வீட்டையே கலவரப்படுத்திவிட்டார். பார்த்தால் தண்ணீர்க் குழாய். "வீட்லயும் இதே ரோதனைதான்" என்று அவர் மனைவி ஒரு தடவை என்னிடம் அலுத்துக்கொண்டார். "காபி ஆறுதுன்னு சொன்னாக்கூட என் மூஞ்சியை உத்து உத்துப் பாக்குறாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனக்கும் ஒரு போன் வந்தது. வேலை நேரத்தில், டோக்கனுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது. "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பாப்பா இன்னைக்குக் கதையில, 'எங்கம்மா அழுதுக்கிட்டே சமைப்பாங்க'ன்னு சொல்லுச்சு. நெஜமான்னு கேட்டேன், நெஜம்னுச்சு. ஒண்ணுமில்லையே?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெங்காயம் நறுக்கினா எல்லாருக்கும்தான் கண்ணீர் வரும், வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டேன். அந்த வாரம் நான் வெங்காயமே வாங்கவில்லை. அன்று சாயங்காலம் அக்காவிடம் போய் உட்கார்ந்து, ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அந்தப் போன் வந்திருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தக் குழந்தை இப்போதும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். வாய் திறந்து பேசுவதில்லை என்பதால் மேல் வகுப்புக்கு அனுப்பவில்லை. இந்த வருடமும் இப்படியே போனால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். முன்பாவது காதில் முணுமுணுப்பாள், இப்போது அதுவும் இல்லை. 'ரகசியம்' என்று யாரும் கூப்பிடுவதில்லை. சித்தி பட்டனைச் சரியாகப் போட்டு, தலையைப் படிய வாரி அனுப்புகிறார். தினமும் வரிசையில் கடைசியாக, இருபதாவது ஆளாக வந்து நிற்பாள். கரடி மாமா அவளிடம் மட்டும் "கதையா, நெஜமா?" என்று கேட்பதில்லை. கேட்க அவள் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் அவள் வேனுக்குப் போவாள்.

இன்னொன்றையும் கவனித்தேன். குழந்தைகள் நன்றாக நடித்தால் டீச்சர் கை தட்டுவார், மற்றக் குழந்தைகள் தட்டுவார்கள். அவர் தட்டுவதில்லை. அந்த நேரம் வந்தால் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்தி உட்கார்ந்துகொள்வார்.

போன வியாழக்கிழமை எங்கள் டாக்டருக்கே பல்வலி. மருத்துவமனையை மூடிவிட்டார்கள். நான் பதினொன்றரைக்கே வந்து, வகுப்பின் பின்சுவர் ஓரமாக ஒரு குட்டி நாற்காலியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பைக்குள் குல்லாயைப் பார்த்துவிட்ட குழந்தைகள் கரடிக் கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக அவர் அந்தக் கதையைத் தொடவில்லை. வேண்டாம், யானைக் கதை சொல்லட்டுமா, படகுக் கதை சொல்லட்டுமா என்று கெஞ்சிப் பார்த்தார். ஒருத்தரும் மசியவில்லை. கடைசியில் இரண்டு தலையணையைக் கிடத்தி, குல்லாயை மாட்டி, போர்வையைப் போர்த்தினார். தான் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார், வருகிற குழந்தையின் முகம் தெரிகிற மாதிரி.

என் மகள் போய் "தீப் புடிச்சிருச்சு, ஓடு ஓடு" என்று கத்தினாள். ஒருத்தி குல்லாயின் நீளக் காதுக்குள் ஊதினாள். ஒருவன் கரண்டியால் டப்பாவைத் தட்டினான். கரடி எழுந்திருக்கவில்லை.

அப்போது அந்தக் குழந்தை எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நடந்து வந்து போர்வை அருகில் முட்டி போட்டு உட்கார்ந்து, அதன் ஓரத்தை இழுத்து, குளிருக்குப் போர்த்துவது போலச் சரிசெய்தாள்.

"எழுப்பாதீங்க" என்றாள். "கை வலிக்குதாம். தூங்கட்டும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

பின்சுவர் ஓரம் இருந்த எனக்குக் கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

டீச்சர் அழுதுகொண்டே கை தட்டினார். பிள்ளைகள் தட்டினார்கள். என்னை அறியாமல் நானும் தட்டினேன். கரடி மாமாவின் கைகள் தொடைக்குக் கீழேயே இருந்தன. அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும் முன்னால் நகர்ந்து, அடியெடுத்துக் கொடுக்கிற அந்தப் பழைய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்விதான் என்று உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது. அவள் பதில் சொன்னாள்.

அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டே நடைவழிக்குப் போனார். நம்பரை அமுக்க அவருக்கு மூன்று தடவை ஆயிற்று.

"சித்தியாம்மா? பள்ளிக்கூடத்துலேருந்து பேசுறேன். அக்கா எழுந்திரிச்சாங்களா? ... காலையில யாரு பாத்தது? ... கை வலின்னு ஏதாவது? ... ராத்திரியிலேருந்தா? டாக்டர்கிட்ட கேட்டீங்களா? ... சரி. சரிம்மா. பக்கத்துல இருக்காங்களா? ஒரு தடவை போனை அவங்ககிட்ட கொடுங்க. பேச வேணாம். சத்தம் கேட்டாப் போதும்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். அதற்குள் டீச்சர் மற்றக் குழந்தைகளைச் செருப்புப் போட அழைத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே வேன்காரர் ஹார்ன் அடித்தார்.

அறைக்குள் அவள் மட்டும், சொன்னபடியே, போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கரடி மாமா திரும்பி வந்து அவளுக்கு எதிரே மண்டியிட்டார். கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்தார். பிறகு, இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, தட்டினார்.